பொங்கல் விருந்துக்கு ஜப்பானிய பாணியில் ஹாலைத் தயார் செய்வது: வேலூர் வீடுகளுக்கான முழு வழிகாட்டி

பத்துக்குப் பன்னிரண்டு அடியிலிருந்து பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி வரை ஹால் உள்ள சாதாரண வீட்டுக்காக எழுதியது இது. சத்துவாச்சாரியில் ஒரு தளவீடாக இருக்கலாம், கொசப்பேட்டைப் பக்கம் பழைய ஓட்டு வீடாக இருக்கலாம். பொங்கலுக்கு வரும் பத்துப் பன்னிரண்டு பேரைத் தரையில் வசதியாக உட்காரவைத்து உபசரிக்க வேண்டும். ஹால் ஜப்பானிய வீட்டைப் போல் அடக்கமாக, காற்றோட்டமாக இருக்க வேண்டும். இடிக்கும் வேலை, கட்டும் வேலை எதுவும் இதில் இல்லை.

பெரும்பாலானவர்கள் முதல் நாளே தடுமாறுகிறார்கள். காகித விளக்கு, குட்டிப் போன்சாய், புத்தர் சிலை, மூங்கில் தட்டி எல்லாவற்றையும் முதலில் வாங்கி வந்துவிடுகிறார்கள். சோபா, ஷோகேஸ், டீப்பாய் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவில் இவையும் சேர்ந்துகொள்கின்றன. நடக்க இருந்த வழியும் போய்விடுகிறது.

ஜப்பானிய அறையின் உயரமும் வெளிச்சமும் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணை வைத்து முடிவானவை. நாம் நின்றுகொண்டு திட்டம் போட்டால் ஒவ்வொன்றும் இரண்டடி உயரத்தில் தவறிப்போகும். அதனால் வாங்குவது கடைசி, உட்கார்ந்து பார்ப்பது முதல். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. நாள் குறிப்பது

மார்கழி பிறந்ததும் தொடங்கினால் பொங்கலுக்கு நான்கு வாரம் கிடைக்கும். அதற்கு முன் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழையின் ஈரம் சுவரில் இருக்கும். அடித்த வெள்ளை பூத்துப் போகும், வாங்கிய பாயும் பூஞ்சை பிடிக்கும். ஜனவரியில் தொடங்கினால் ஆசாரியும் தையற்காரரும் கைக்குக் கிடைக்க மாட்டார்கள்.

முதல் வாரம் காலி செய்யவும் சுத்தம் செய்யவும். இரண்டாவது வாரம் சுவரும் விளக்கும். மூன்றாவது வாரம் பாய், மெத்தை, மேசை. கடைசி வாரத்தை வாசலுக்கும் ஒத்திகைக்கும் விட்டுவிடுங்கள். ஜப்பானில் புத்தாண்டுக்கான பெருஞ்சுத்தத்தை டிசம்பர் 13-ல் தொடங்குவது பழைய வழக்கம். போகிக்கு முன் நாம் செய்வதும் ஏறக்குறைய அதே காலத்தில், அதே வேலைதான்.

கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, சாக்பீஸ், பழைய செய்தித்தாள், நான்கைந்து கோணிப்பை, ஒட்டடைக் கொம்பு. இப்போதைக்கு இவை போதும்.

2. தரையில் உட்கார்ந்து பார்ப்பது

ஹாலின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு முறை சம்மணம் போட்டு உட்காருங்கள். வாசலுக்கு எதிரில் ஒரு முறை. உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். அந்த உயரத்திலிருந்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்த்துப் பழகிய கண் மன்னித்துவிடும் பலவற்றைப் படம் மன்னிக்காது.

சோபாவின் அடியில் உருண்டுகிடக்கும் தூசி, டிவிக்குப் பின்னால் தொங்கும் ஒயர் கூட்டம், இன்வெர்ட்டர் பெட்டி, டீப்பாயின் அடிப்பக்கம், பிளாஸ்டிக் நாற்காலிகளின் கால்கள்: நின்றால் தெரியாத இவ்வளவும் விருந்தாளியின் கண்ணுக்கு நேரே இருக்கும். தெரிந்ததை எல்லாம் சாக்பீஸால் குறித்து வையுங்கள்.

இதையே இரவில் விளக்குப் போட்டு இன்னொரு முறை செய்யுங்கள். நிற்கும்போது கண்ணில் படாத குழல்விளக்கு, கீழே உட்கார்ந்து நிமிர்ந்தால் நேராகக் கண்ணைக் குத்தும். விளக்கை எங்கே மாற்றுவது என்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு விளக்கு வாங்கப் போனவர்கள் கடைக்கு இரண்டாம் முறையும் போகிறார்கள்.

3. காலி செய்வது

வேலையில் பாதி இதுதான். வீட்டில் சண்டை வருவதும் இங்கேதான், அதனால் நிதானமாகச் செய்யுங்கள். "இன்னாம்மா, வீடு காலி பண்றீங்களா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்கும் அளவுக்குச் சாமான் வெளியே வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

ஹாலில் உள்ள எல்லாவற்றையும் மூன்று குவியலாகப் பிரியுங்கள். வேறு அறையில் தினமும் தேவைப்படுவது ஒன்று. பொங்கல் முடியும் வரை பரணில் இருக்கலாம் என்பது இரண்டு. வீட்டை விட்டே போக வேண்டியது மூன்று. மூன்றாவது குவியலைப் போகிக்காகக் காத்திருக்காமல் பழைய சாமான் வாங்குபவரிடம் உடனே கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் வீட்டில் இருந்தால் அதில் பாதி மறுபடி உள்ளே வந்துவிடும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் போகித் தீயில் போடுவதற்கானவை இல்லை என்று சொல்லத் தேவையில்லை.

அடிக்கடி பார்க்கும் தவறு ஒன்று உண்டு: ஹாலைக் காலி செய்து, எல்லாவற்றையும் படுக்கையறையில் திணித்துக் கதவைச் சாத்துவது. பண்டிகை நாளில் அந்தக் கதவு சாத்தியிருக்காது. புடவை மாற்ற ஒருவர் போவார், கைக்குழந்தையைத் தூங்கவைக்க ஒருவர் போவார். ஊரிலிருந்து வருபவர்களின் பைகளும் அங்கேதான் போக வேண்டும். படுக்கையறையில் ஒரு கட்டில், பை வைக்க ஒரு சுவரோரம், பீரோவில் ஒரு காலித் தட்டு கட்டாயம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால் பைகள் ஹாலில் வரிசை கட்டும், நீங்கள் செய்த வேலை எல்லாம் வீண்.

சோபாவை விற்க வேண்டாம். பொங்கல் வரை மாடிக்கோ பின்னறைக்கோ போகட்டும். நகர்த்தவே முடியாத பெரிய சோபா என்றால் வாசலிலிருந்து பார்வைக்குப் படாத சுவரோரம் தள்ளி, மொத்தமாக ஒரே காடாத் துணியால் மூடுங்கள். ஷோகேஸில் உள்ள பரிசுக் கோப்பை, பொம்மை, பிளாஸ்டிக் பூங்கொத்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு மூன்று பொருளை மட்டும் வையுங்கள். எதை வைப்பது என்று வீட்டுப் பெரியவர் தேர்ந்தெடுக்கட்டும். சண்டை குறையும்.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை. பொங்கல் அன்று ஜல்லிக்கட்டு ஒளிபரப்பு இருக்கும், மாமாக்கள் பார்க்காமல் விடமாட்டார்கள். இந்தப் போராட்டத்தில் இறங்காதீர்கள். முடிந்தால் டிவியை உள்ளறைக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் ஒயர்களைக் கட்டி மறைத்து, பார்க்காத நேரத்தில் ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்.

அப்புறம் காலண்டர்கள். ஜனவரியில் நகைக்கடை, துணிக்கடை, மளிகைக்கடை என்று ஒவ்வொருவரும் ஒரு காலண்டர் கொடுப்பார்கள், அத்தனையும் ஹால் ஆணியில்தான் ஏறும். தினசரித் தாள் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டுங்கள். ஹாலில் ஒன்றும் வேண்டாம்.

4. மேலிருந்து கீழே, உள்ளேயிருந்து வெளியே

ஒட்டடை, மின்விசிறி இறக்கை, பரணின் விளிம்பு, ஜன்னல் கிரில், சுவிட்ச் போர்டு, சுவர், கடைசியாகத் தரை. தூசி கீழேதான் விழும் என்பதால் இந்த வரிசை. அதேபோல் பின்னறையில் தொடங்கி வாசலில் முடியுங்கள். தரையை முதலில் துடைத்துவிட்டு மின்விசிறியில் கை வைப்பவர்கள் இரண்டு முறை துடைக்கிறார்கள்.

குழாய்த் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்துக் கிரில், தரை வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய வீடு என்றால், சுத்தம் செய்த பிறகு சாலைப் பக்க ஜன்னலைப் பகலில் மூடியே வையுங்கள். லாரிப் புழுதி ஒரே நாளில் திரும்பப் படிந்துவிடும்.

5. சுவரும் வெளிச்சமும்

ஹால் முழுக்கப் பெயின்ட் அடிக்கத் தேவையில்லை. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் சுவர் ஒன்று போதும். தூய வெள்ளையைவிட லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளையோ, ஈர மண் நிறமோ நன்றாக இருக்கும். பளபளப்பு இல்லாத மேட் வகையாகக் கேட்டு வாங்குங்கள். பளபளக்கும் சுவரில் விளக்கு எதிரொளித்து, கீழே உட்கார்ந்திருப்பவரின் கண்ணில் அடிக்கும்.

நம் வீடுகளில் உள்ள குழல்விளக்கு பெரும்பாலும் 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. விருந்து நேரத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள வார்ம் ஒயிட் எல்இடி வாங்குங்கள். பெட்டியில் கெல்வின் அளவு அச்சிட்டிருப்பார்கள், கடைக்காரர் சொல்வதைவிட அதைப் பார்த்து வாங்குவதே நல்லது. உத்தரத்தில் ஒரு பெரிய விளக்குக்குப் பதிலாக, 5 அல்லது 7 வாட் விளக்கு இரண்டு மூன்றைத் தரையோரம் மூலைகளில் வையுங்கள். வெளிச்சம் தாழ்ந்தால் அறை அகலமாகத் தெரியும், புழுதி பிடித்த மேல் மூலைகளும் கண்ணில் படாது. குழல்விளக்கைக் கழற்றிவிடாதீர்கள். பந்தி பரிமாறும்போது அது வேண்டும்.

ஜப்பானில் மரச்சட்டத்தில் மெல்லிய காகிதம் ஒட்டிய ஷோஜி தடுப்பு, வெயிலை வடிகட்டி உள்ளே விடுகிறது. நம் காற்றுக்கும் குழந்தைகளின் விரலுக்கும் காகிதம் தாங்காது. வெள்ளைப் பருத்தி வேட்டித் துணியை ரீப்பர் சட்டத்தில் இழுத்து அடித்து ஜன்னலின் உட்புறம் சாத்துங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலில் இதன் பலன் உடனே தெரியும். மாலை வெயில் கண் கூசாமல் அறை முழுக்கப் பரவும், கிரில்லும் மறையும். துணியைச் சட்டத்தில் அடிக்கும் முன் நனைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கிச் சட்டத்தையே வளைத்துவிடும்.

6. தரை: பாய் விரிப்பது

தத்தாமி என்னும் ஜப்பானியப் பாய் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலம், 180 சென்டிமீட்டர் நீளம். நம் கணக்கில் மூன்றடிக்கு ஆறடி, ஒற்றைக் கோரைப்பாயின் அளவு. அங்கே அறையின் பரப்பையே பாய் எண்ணிக்கையில்தான் சொல்கிறார்கள். பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வந்தவாசியே கோரைப்பாய்க்குப் பேர்போனது என்பதால் நமக்குப் பாய் கிடைப்பதில் கஷ்டம் இல்லை. பிளாஸ்டிக் பாய் வேண்டாம். டைல்ஸில் வழுக்கும், வேர்க்கும், விளக்கொளியில் மினுங்கும்.

பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆறு பாய் போதும். ஆறு பாய் சேர்ந்தால் ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி. ஒரு சுவரோரம் நீளவாக்கில் இரண்டு பாயை ஒன்றன்பின் ஒன்றாக விரியுங்கள். மீதி இடத்தின் இரண்டு ஓரத்திலும் குறுக்கே ஒவ்வொன்று. நடுவில் மிஞ்சும் ஆறுக்கு ஆறு அடியில், முதல் இரண்டும் ஓடிய திசையிலேயே இரண்டு பாய். இப்படி விரித்தால் நான்கு பாயின் முனைகள் ஓரிடத்தில் கூட்டல் குறியாகச் சந்திக்காது. ஜப்பானில் அப்படிச் சந்திப்பது துக்க வீட்டு முறை. நமக்கு அந்தச் சாங்கியம் இல்லை என்றாலும், முனைகள் சந்திக்கும் இடத்தில்தான் கால் தடுக்கும் என்பதால் இந்த வரிசை நமக்கும் நல்லது.

பெரிய ஹாலில் சுவரிலிருந்து சுவர் வரை பாய் போட வேண்டாம். வாசலிலிருந்து சமையலறைக்குப் போகும் வழி இரண்டரை அடி அகலத்துக்கு வெறும் தரையாக இருக்கட்டும். பாத்திரம் தூக்கிக்கொண்டு நடப்பவர் உட்கார்ந்திருப்பவரைத் தாண்டிப் போகும்படி வைக்கக் கூடாது.

தத்தாமி இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன், அதுவே மெத்தை மாதிரி. கோரைப்பாய் மெல்லியது. ஜனவரி காலையில் மொசைக் தரையின் குளிர் பாய் வழியாக ஏறி முழங்காலைப் பிடிக்கும். அதனால் அடியில் ஜமக்காளம், மேலே பாய். வழவழப்பான டைல்ஸ் என்றால் ஜமக்காளத்துக்கும் அடியில் வழுக்காத ரப்பர் வலை ஒன்று போடுங்கள். பாய்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டினால் பசை பிடித்துப் போகவே போகாது. அடிப்பக்கத்தில் துணிப்பட்டை வைத்து ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

புதுப் பாயை வாங்கியதும் ஈர வெள்ளைத் துணியால் ஒரு ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது வேட்டியிலும் ஒட்டும். சாயமில்லாத இயற்கை நிறப் பாய் கிடைத்தால் அதையே எடுங்கள், அறைக்கும் அதுதான் பொருத்தம். பிறகு இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள்.

பாயின் ஓரத்தை மூன்று விரல் அகலத் துணிப்பட்டை வைத்துத் தைப்பது அவசியம். தத்தாமிக்கும் அப்படிக் கரை உண்டு. அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. பொங்கல் அன்று பெண்கள் பட்டுப்புடவையில் வருவார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோரை நுனி ஆரணிப் பட்டில் ஒரு இழையை இழுத்துவிட்டால், அதற்குப் பிறகு உங்கள் ஜப்பானிய ஹாலைப் பற்றி யாரும் நல்லதாகப் பேசமாட்டார்கள்.

7. மேசையும் இருக்கையும்

மேசை 35 சென்டிமீட்டர் உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்தடி நீளம். பழைய கதவுப் பலகை வீட்டில் கிடந்தால் ஆசாரியிடம் கொடுத்து நான்கு கட்டைக்கால் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டமோ இழுப்பறையோ வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சம்மணம் போட்டவரின் முழங்கால் அடியில் நுழைய வேண்டும், சட்டம் இருந்தால் இடிக்கும். ஆசாரி பழக்கத்தில் சட்டம் வைத்துவிடுவார், அதனால் வேலை நடக்கும்போதே போய்ப் பாருங்கள். பாலிஷ் மேட்டாக இருக்கட்டும்.

நடுவில் விரித்த இரண்டு பாயின் மேல் மேசை வரும். ஒருவருக்கு இரண்டடி என்று கணக்கிட்டால் சுற்றி ஆறு பேர் உட்காரலாம். மீதிப் பேர் ஓரப் பாய்களில், சுவரில் சாய்ந்து உட்காரட்டும். எல்லோரையும் மேசையைச் சுற்றி நெருக்கி உட்காரவைப்பது வேண்டாத வேலை. மேசை காபிக்கும் பலகாரத்துக்கும்தான்.

இருக்கை மெத்தைக்கு இலவம்பஞ்சு. இரண்டடிச் சதுரம், மூன்று அங்குலத் தடிமன். ரெடிமேட் ஃபோம் மெத்தை உட்கார்ந்ததும் அமுங்கி, ஒரு மணி நேரத்தில் தரை தெரியும். உறைக்குக் கதர் அல்லது தடித்த பருத்தி, ஒன்றோ இரண்டோ நிறம், அவ்வளவுதான். பளபளப்பான துணி உறை போட்டால் பட்டுப்புடவை கட்டியவர் மெத்தையோடு சேர்ந்து வழுக்குவார்.

இப்போது முக்கியமான விஷயம். வரும் விருந்தாளிகளில் மூன்றில் ஒருவருக்காவது முழங்கால் வலி இருக்கும். தரையில் உட்காரவைப்பதே பாணி என்று பிடிவாதம் பிடித்தால் பெரியம்மா "பரவால்ல கண்ணு, நான் நின்னுக்கறேன்" என்பார், உங்களுக்கு அதைவிட அவமானம் வேண்டாம். கைப்பிடி உள்ள மர நாற்காலி இரண்டு மூன்று கட்டாயம் போடுங்கள். கைப்பிடி எதற்கு என்றால், ஊன்றி எழுவதற்கு.

எங்கே போடுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வாசலோரம் கடைசி நேரத்தில் இழுத்துப் போட்ட நாற்காலி, வயதானவரை ஒதுக்கியது போல் இருக்கும். ஜப்பானிய முறையில் மதிப்புக்குரியவரின் இடம் வாசலிலிருந்து ஆகத் தள்ளி இருக்கும் இடம். அங்கே நாற்காலிகளை வையுங்கள், அது விசிறிக்கு நேராகவும் அமைந்தால் இன்னும் நல்லது. தாழ்ந்த மேசை அவர்கள் கைக்கு எட்டாது, எனவே டம்ளர் வைக்கப் பக்கத்தில் ஒரு முக்காலி. நாற்காலிக்கு முன்னால் ஒரு பாய் காலியாக இருக்க வேண்டும். காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குபவர்களுக்கு ஆறடி இடம் வேண்டாமா?

8. பார்வைக்கு ஒரே ஒரு மூலை

ஜப்பானிய அறையில் தோகோனோமா என்ற மாடம் இருக்கும். ஒரு ஓவியச் சுருள், ஒரு பூ, அதோடு சரி. நம் ஹாலில் பெரியவர்களின் நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரை அதற்கு ஒதுக்குங்கள். ஒரு பழைய மணையை வைத்து, அதன்மேல் கரிகிரி மண் ஜாடி ஒன்று. சுவரில் ஏதாவது மாட்டுவதானால் ஒன்றே ஒன்று, அதுவும் உட்கார்ந்தவரின் கண் உயரத்துக்கு இறக்கி. நாம் வழக்கமாக மாட்டும் உயரத்தைவிட இரண்டடியாவது கீழே வரும்.

பூ வைப்பதற்கு ஒரு எளிய கணக்கு. ஜாடியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி, அதில் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முதல் தண்டு. அதில் முக்கால் நீளம் இரண்டாவது. இரண்டாவதில் முக்கால் நீளம் மூன்றாவது. மூன்றையும் வெவ்வேறு பக்கம் சாய்த்து வையுங்கள். தை மாதத்துக்கு ஒரு மஞ்சள் கொத்தின் இலை, ஒரு ஆவாரங்கிளை, ஒரு செவ்வந்தி போதும். தண்டு சரியாமல் நிற்க ஜாடிக்குள் கூழாங்கல் போடுங்கள். பூக்கடையில் கட்டிய மாலையை இந்த மூலைக்குக் கொண்டுவராதீர்கள், அது பூஜையறைக்கு.

குத்துவிளக்கு ஹாலில் ஏற்றுவது வழக்கம் என்றால், பாய்க்கு வெளியே, பித்தளைத் தாம்பாளத்தில் வையுங்கள். கோரை காய்ந்த புல், ஒரு பொறி விழுந்தால் போதும்.

9. வாசல்

ஜப்பானிய வீட்டில் கென்கான் என்ற தாழ்ந்த நுழைவிடம் உண்டு. செருப்பு அங்கே நிற்கும், மனிதர் படியேறி உள்ளே போவார். செருப்பை வெளியே விடுவது நமக்குப் பிறவிப் பழக்கம், ஆனால் விட்ட செருப்பை ஒழுங்கு செய்வது கிடையாது. பன்னிரண்டு ஜோடி வாசற்படியில் குவிந்தால் உள்ளே செய்த ஏற்பாடு எல்லாம் அந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும்.

முதலில் வீட்டார் செருப்பு எல்லாம் பின்பக்கம் போகட்டும். ரேக் முழுவதும் விருந்தாளிகளுக்கு. பெரியவர் உட்கார்ந்து கழற்ற, வாசலோரம் ஒரு சிறு முக்காலி. எல்லோரும் உள்ளே வந்தபின் வீட்டுப் பிள்ளை ஒருவர் செருப்புகளின் முனை வெளியே பார்த்திருக்கும்படி திருப்பி வைக்கட்டும். போகும்போது குனிந்து தேட வேண்டியதில்லை. இந்த ஒரு வேலையை விருந்தாளிகள் கட்டாயம் கவனிப்பார்கள்.

பொங்கல் கோலத்தை யோசித்து வழியை அமையுங்கள். வாசல் முழுக்கக் கலர்க்கோலம் போட்டால் விருந்தாளிக்குக் கால் வைக்க இடமில்லை. மிதித்துத்தான் வருவார், அந்தக் கலர்ப்பொடி நேராகப் பாயில் ஏறும். சாயப்பொடி கோரையில் இறங்கினால் துடைத்து எடுக்க முடியாது. கோலத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிப் போட்டு, மறுபக்கம் இரண்டடி வழி விடுங்கள். வழியின் முடிவில் தேங்காய்நார் மிதியடி, அதையடுத்துப் பிழிந்த ஈரத்துணி மிதியடி. இரண்டும் வேண்டும். முதலாவது மண்ணை எடுக்கும், இரண்டாவது பொடியை எடுக்கும்.

விருந்தாளி வரும் சற்று முன் வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பது ஜப்பானிலும் உண்டு. காலையில் தெளித்ததோடு நிறுத்தாமல், வருகிறார்கள் என்று போன் வந்ததும் வழியில் மட்டும் இன்னொரு முறை லேசாகத் தெளியுங்கள். புழுதி அடங்கும். கோலத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஒத்திகை

போகிக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டார் எல்லோரும் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து ஒருவேளை டிபன் சாப்பிடுங்கள். மாலை ஆறு மணிக்கு, விளக்கு எரிய. எந்த விளக்கு கண்ணில் குத்துகிறது, யாருடைய முழங்கால் மேசையில் இடிக்கிறது, போன் சார்ஜ் போட ஒயர் எங்கே குறுக்கே ஓடுகிறது என்பதெல்லாம் அப்போது தெரியும்.

கொசுவும் அப்போது தெரியும். தரையில் உட்கார்ந்தால் கால்களுக்குத்தான் முதல் கடி. பொழுது சாயும் முன்பே ஜன்னலைச் சாத்திவிட்டு, நொச்சியோ சாம்பிராணியோ புகை போட்டு, விருந்தாளி வரும் முன் புகையை வெளியேற்றிவிடுங்கள். உயரமான ஃபேன் காற்று தரையோரம் குறைவாகவே வரும், ஒரு டேபிள் ஃபேனைத் தரையில் வைத்தால் கொசு அண்டாது.

11. விருந்து நாள்

சாப்பாட்டை அந்த மேசையில் போட முயலாதீர்கள். இரண்டரை அடி அகலத்தில் எதிரெதிரே இரண்டு தலைவாழை இலை கொள்ளாது, சாம்பார் பலகையில் ஓடும். மேசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் பந்தி போடுங்கள். இலைக்கு அடியில் அகலமான காகித விரிப்பு கட்டாயம். சர்க்கரைப் பொங்கலின் நெய் பாயில் இறங்கினால் நிரந்தரமாகக் கறை நிற்கும். மாட்டுப் பொங்கல் அன்று அசைவம் சமைக்கும் வீடு என்றால் அந்தப் பந்தியை மொட்டை மாடிக்கு மாற்றிவிடுங்கள். எண்ணெய்க் கையோடு இலவம்பஞ்சு மெத்தையைத் தொடாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் விருந்தாளி உட்கார்ந்ததும் ஈரத்துணிச் சுருள் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள், பெயர் ஓஷிபோரி. பொங்கலுக்கு இதைவிடப் பொருத்தமான பழக்கம் கிடையாது, ஏனென்றால் எல்லோர் கையிலும் கரும்புப் பிசுபிசுப்பு இருக்கும். சிறு பருத்தித் துண்டுகளை வெட்டிவேர் ஊறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சுருட்டித் தட்டில் அடுக்குங்கள். ஆளுக்கு இரண்டு என்று கணக்கு வைத்தால் குறையாது. கரும்புச் சக்கை போட மூலைக்கு ஒரு ஓலைக்கூடை. கூடை இல்லாவிட்டால் சக்கை மேசைக்கு அடியில்தான் போகும்.

பலகாரத்தை ஒரே பெரிய தாம்பாளத்தில் குவிக்காமல், ஆளுக்கு ஒரு சிறு தட்டில் இரண்டு வகை மட்டும் வைத்துக் கொடுங்கள். முறுக்குத் தூள் பாயின் இடுக்கில் போவது குறையும். மக்கன் பேடாவுக்குக் கிண்ணம் கொடுங்கள், அதன் பாகு தட்டில் நிற்காது.

இரவு தங்குபவர்களுக்கு அதே பாய்களின் மேல் படுக்கை போடலாம். காலையில் எழுந்ததும் மெத்தை, தலையணை எல்லாம் சுருட்டி, மூன்றாவது படியில் காலி செய்து வைத்த பீரோத் தட்டிலும் பரணிலும் போக வேண்டும். ஜப்பானிய வீட்டில் ஒரே அறை பகலில் கூடமாகவும் இரவில் படுக்கையறையாகவும் இருப்பது இப்படித்தான். சுருட்டும் வேலையைக் காபிக்கு முன்பே முடித்துவிடுங்கள். காபி குடித்துவிட்டால் அதே படுக்கையில் கதை பேச உட்கார்ந்துவிடுவார்கள்.

12. காணும் பொங்கலுக்கு மறுநாள்

பாய்களைப் பிரித்து முதலில் உலர்ந்த துணியால் கோரை ஓடும் திசையில் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் தூள் இடுக்கில் இறங்கும். பிறகு நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு முறை. தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது, கோரை உப்பி நூல் தளர்ந்துவிடும். நிழலில் காற்றாட விட்டு, காய்ந்த வேப்பிலையை உள்ளே போட்டுச் சுருட்டி, மடிக்காமல் நிறுத்தி வையுங்கள். மடித்த பாய் அந்த மடிப்பிலேயே ஒடியும்.

இலவம்பஞ்சு மெத்தைக்கு மட்டும் வெயில் வேண்டும். மொட்டை மாடியில் காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை, நடுவில் ஒரு முறை திருப்பிப் போடுங்கள். உறைகளைத் துவைத்துத் தனியாகக் கட்டி வையுங்கள்.

சோபாவை உடனே இறக்கிவிடாதீர்கள். ஒரு வாரம் வெறும் ஹாலில் புழங்கிப் பார்த்துவிட்டு, யார் எதைத் தேடுகிறார்கள் என்று கவனித்து, தேடியதை மட்டும் திரும்பக் கொண்டுவாருங்கள்.